சி பிளாக்கின் ரத்த அழுத்தம்

காலை ஆறு மணிக்குச் சமையலறைச் சுவர் அருளப்பனின் ரத்த அழுத்தத்தை உரக்கப் படித்தது. "நூற்று அறுபத்திரண்டு, தொண்ணூற்றெட்டு." செவ்வாய் கிரகக் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் பொழுது விடிகிறது. கழுத்தெலும்புக்கு அடியில் மிளகளவில் பதித்திருக்கும் நாடிமணி சொல்லும், சுவர் படிக்கும், அதன் பிறகே காபி கிடைக்கும்.

மற்ற நாளாக இருந்தால் அருளப்பன் அதைக் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார். இன்னும் ஒன்பது நாளில் பூமிக்குக் கப்பல். நூற்று நாற்பதைத் தாண்டியவரை ஏற்ற மாட்டார்கள். கிளம்பும் வேகத்தை மூளையின் ரத்தக்குழாய் தாங்காது. இதை விட்டால் அடுத்த கப்பல் இருபத்தாறு மாதம் கழித்து. தூத்துக்குடியில் மகள் ஜெசிந்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்து இரண்டு வயதாகிறது. பேத்தியை அவர் இன்னும் கையில் தூக்கியதில்லை.

"எல்லாம் இந்தக் காபி பண்ற வேலை," என்றார்.

நாலு வேளைக் காபி இரண்டாயிற்று, அப்புறம் அரை டம்ளர். அதையும் அவரால் உட்கார்ந்து குடிக்க முடியவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தார். நடந்தபடியே இமையைத் தட்டி, கண்வில்லைத் திரையில் சி பிளாக் குடியிருப்போர் குழுவைத் திறந்தார். எழுத்துகள் இமைக்குள் ஓடின. பக்கத்து வீட்டுக் குலசேகரன் தன் மண்ணூர்தியை மறுபடியும் அருளப்பனின் இடத்தில் நிறுத்தியிருந்தார். கேட்டால் கோடு அழிந்துவிட்டதாம். கப்பல் எத்தனை வேகத்தில் போனால் என்ன, வண்டி நிறுத்தும் தகராறு நமக்கு முன்னால் போய் அங்கே குடியேறிவிடுகிறது. அருளப்பன் காற்றில் விரலால் பதில் எழுதினார். சுவர் நூற்று அறுபத்தைந்து என்றது.

"பாத்தியா, அரை டம்ளருக்கே எகிறுது," என்றார் மனைவி பிலோமினாவிடம்.

ஏழாம் நாள், வீட்டு மருத்துவ ரோபோவான நலவன் அவர் முன்னால் வந்து நின்றது.

"ஐயா, ஐந்து நாட்களாக நீங்கள் குடித்ததில் கஃபீனே இல்லை. மணம் மட்டும்தான் இருந்தது. நேற்று மாலைதான் நிஜக் காபி கொடுத்தேன். கெட்டியாக, முழு டம்ளர்."

"நேத்து எவ்வளவு இருந்துச்சு?"

"நூற்று முப்பத்தாறு. சூரியப் புயலில் தொடர்பு அறுந்து, குழு திறக்கவில்லை. நீங்கள் சன்னலோரம் உட்கார்ந்து, பேத்திக்கு என்ன கொண்டுபோகலாம் என்று அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தீர்கள்."

காபி கொஞ்சம் ஏற்றும், சற்று நேரத்தில் தானே இறங்கிவிடும். குழுதான் இறங்க விடுவதில்லை என்று நலவன் விளக்கியது. இரண்டு நாள் குழுவை விட்டு விலகியிருந்தால் கப்பல் ஏறிவிடலாம்.

"விலகிருங்க. பிள்ளையப் பாக்கப் போற நேரத்துல இவங்ககூட என்ன மல்லுக்கட்டு," என்றாள் பிலோமினா.

அருளப்பன் விரலைத் தூக்கினார். மனப்பூர்வமாகத்தான் தூக்கினார். அந்த நேரம் பார்த்துக் குலசேகரன் எழுதினார்: "அருளப்பன் சார் ஊருக்குப் போவதால் அந்த இடம் இனி காலிதானே?"

"இதுக்கு மட்டும் ஒரு பதில் சொல்லிட்டு விலகிக்கிறேன்," என்றார் அருளப்பன்.

ஒன்பதாம் நாள் கப்பல் வாசலில் நாடிமணி நூற்று எழுபது காட்டியது. பிலோமினா தனியாக ஏறினாள். கண்ணாடிக்கு அப்பால் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அருளப்பனுக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் குழுவில் நீளமாக எழுதினார்: "அன்பு நண்பர்களே, பாழாய்ப்போன காபியால் என் பேத்தியைப் பார்க்கும் பாக்கியத்தை இழந்தேன். இன்றே காபியை விடுங்கள். உறவினர்களுக்கும் இதை அனுப்புங்கள்."

நாற்பத்தொரு வீடுகள் கைகூப்பிப் பதில் அனுப்பின. நலவன் கொண்டுவந்த டம்ளரை அவர் தள்ளி வைத்தார்.

குலசேகரன் மட்டும், "இது தவறான தகவல்," என்று எழுதியிருந்தார்.

அருளப்பன் நிமிர்ந்து உட்கார்ந்து, விரலைச் சொடுக்கெடுத்தார்.