உன் வூடா?

கார் நின்றபோது மழை விட்டிருந்தது. ஓட்டுநர் இறங்கி, "இதாம்மா வூடு" என்று கை காட்டினான். நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு. சுவரின் அடிப்பாகம் ஈரம் ஏறிக் கறுத்திருந்தது. சுற்றிலும் நேற்றுவரை வயலாக இருந்த செம்மண் மேடுகள். அதற்கப்பால் ஒரகடம் போகிற பாதையில் லாரிகள்.

கோபால் வாசலில் நின்றிருந்தான். நான்கு மாதம் கழித்துப் பார்க்கிறேன். பயணம் எப்படி இருந்தது என்று கேட்கவில்லை.

"பத்திரத்தைக் கொண்டு வந்தியா?"

"இல்லை."

"லீலா, போன்ல அத்தனை தடவை சொன்னேனே?"

"அத்தனை தடவையும் நான் மாட்டேன்னுதான் சொன்னேன்."

அவன் கேட்ட பத்திரம் மலேசியாவில் உள்ள என் வீட்டுடையது. தைப்பிங்கில் இருக்கும் அந்த வீடு என் அம்மா தையல் தைத்துக் கட்டியது. சாகும்போது என் பெயருக்கு வைத்துவிட்டுப் போனாள். அதை விற்று இந்த ஒரகடம் பக்கம் நிலம் வாங்கிப் போட வேண்டும் என்பது என் கணவனின் கனவு. அவன் கம்பெனி இங்கே தொழிற்சாலை கட்டிக்கொண்டிருந்தது. நாளைக்கு இந்த மண் எல்லாம் பொன்னாகிவிடுமாம். என் வீட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவன் 'நம்ம வீடு' என்பான்.

நான் கொண்டு வந்தது வண்ணப் பெட்டியை மட்டும்தான்.

அவனுக்கு வேலை கிடைத்த ஊருக்கெல்லாம் நானும் போயிருக்கிறேன். சுரபாயாவின் மீன் சந்தை, ஹாட்யாய் ரயில் நிலையம் எல்லாவற்றையும் தெருவோரம் உட்கார்ந்து வரைந்திருக்கிறேன். அவன் நண்பர்கள் அதைப் பொழுதுபோக்கு என்பார்கள். எனக்கு அது மூச்சு. அதில் எனக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. கண்ணெதிரே இருப்பதைத்தான் வரைவேன். இல்லாததைச் சேர்க்கவும் மாட்டேன், இருப்பதை விடவும் மாட்டேன்.

முதலில் சுங்குவார்சத்திரத்தில் பஸ் நிற்கும் இடத்தை வரைந்தேன். டீக்கடைப் பலகையில் உட்கார்ந்ததுமே நாலைந்து பேர் பின்னால் கூடிவிட்டார்கள்.

"யக்கா, மூக்க இம்மாம் பெருசா போட்டுட்டியே! எனக்கு இன்னும் கல்யாணம் ஆவல."

"உன் மூக்கு கொஞ்சமாத்தான் போட்டிருக்குதுடா. முழுசா போட்டா பேப்பர் பத்தாது" என்றான் டீக்கடைக்காரன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து, "பசியாறியாச்சா?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று அப்படித்தான் கேட்போம்.

சிரிப்பு நின்றது.

"எந்த ஊரும்மா? சிலோனா?"

அந்த ஆண்டு மே மாதம் பக்கத்து ஊர்க் கூட்டத்தில் குண்டு வெடித்துத் தலைவர் ஒருவர் செத்த பிறகு அந்தச் சாலையில் அந்தக் கேள்விக்கு வேறு எடை வந்திருந்தது. மலேசியா என்று சொல்லி, கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். தமிழ் பேசியதற்கு எனக்கு அன்று சாட்சி தேவைப்பட்டது. அந்தக் கோபத்தோடுதான் மறுநாள் ஊர்ப் பக்கம் போகாமல், வீட்டுக்குப் பின்னால் மண்மேடுகளைத் தாண்டி நடந்தேன்.

அங்கே ஒரு கிணறு இருந்தது.

கல் கட்டிய பெரிய வயல் கிணறு. ஐப்பசி மழையில் விளிம்புக்கு ஒரு முழம் கீழே வரை தண்ணீர் நின்றது. தூரத்தில் சித்தாள்கள் மண் சுமந்துகொண்டிருந்தார்கள். அந்தக் காட்சியை வரையலாம் என்று எதிர்க்கரையில் உட்கார்ந்து, கொண்டு வந்திருந்த பித்தளைச் சொம்பில் வண்ணம் கரைக்கக் கிணற்றுத் தண்ணீர் மொண்டேன். காலையில் வீட்டு வேலைக்கு வந்த கங்கம்மாள் என் தலையில் ஒரு துண்டு மல்லி வைத்திருந்தாள். கிராப்புத் தலையில் அது நிற்குமா? குனிந்தபோது சரியாகச் சொம்புக்குள் விழுந்தது. வாடாமல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நிமிர்ந்தபோது கிணற்று மேட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

நாற்பது வயதிருக்கலாம். புடவை முழுக்க நனைந்திருந்தது. குளித்துவிட்டு வெயில் காய்கிறாள் என்று நினைத்தேன். சித்தாள்களை விட்டுவிட்டு அவளை வரைய ஆரம்பித்தேன். இறுகிய தாடை, நெற்றியில் ஒட்டிய முடி, மடியில் மல்லாந்து கிடந்த இடது கை. அந்தக் கட்டைவிரலில் நீலம் இருந்தது. இருந்ததால் நானும் நீலம் வைத்தேன்.

"இன்னா எழுதிக்கினு கீற?" என்றாள்.

"உங்களைத்தான்."

"என்னியா?" அவள் என்னை முதல் முறையாக நேராகப் பார்த்தாள். "என்னிய ஏற்கெனவே எழுதி வாங்கிட்டாங்களே."

புரியாமல் சிரித்து வைத்தேன். படம் முடிந்தது. அவள் முகத்தில் பசி தெரிந்தது. இத்தனை நேரம் அசையாமல் உட்கார்ந்தவளை வெறுமனே அனுப்ப மனம் வரவில்லை.

"என் வீடு பக்கத்துலதான். வாங்க, பசியாறலாம்."

சொம்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அந்தத் தண்ணீரில் வண்ணம் நன்றாக ஓடியது. மிச்சத்தை ஏன் கொட்ட வேண்டும்? முன்னால் நடந்தேன். பின்னால் ஈரக்காலடி கேட்டுக்கொண்டே வந்தது.

சளப். சளப்.

வாசலில் திரும்பினேன்.

யாரும் இல்லை. செம்மண்ணில் என் செருப்புத் தடம் மட்டும்.

கோபம்தான் வந்தது. கூப்பிட்டால் வர முடியாது என்று சொல்லிவிட்டுப் போகலாமே. உள்ளே போய்ச் சொம்பைக் கூடத்தில் வைத்தேன். அப்போது வாசல்படிக்கு வெளியே, மிக அருகில், அந்தக் குரல் கேட்டது.

"உன் வூடா?"

கதவைத் திறந்தேன். படி முழுக்கத் தண்ணீர். சேற்று வாடை, அதற்குள் எங்கோ மல்லி வாடை.

நல்ல நடுப்பகல்.

அடுத்த நாள் கங்கம்மாள் கூடத்தைப் பெருக்க வந்தவள், காய வைத்திருந்த படத்தைப் பார்த்தாள். துடைப்பம் கையிலிருந்து விழுந்தது.

"இவளை எங்க பார்த்த நீ?"

"கிணத்துல. குளிச்சிட்டு உக்காந்திருந்தாங்க."

"இது பாஞ்சாலி. என் நாத்தனாரு. செத்து வருசம் திரும்பிப்போச்சு."

உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை. வாசலைப் பார்த்தபடியே மெல்லிய குரலில் பேசினாள். இந்த வீடே அவர்களுடையதுதான். கங்கம்மாளின் புருஷன் பலராமன் வீட்டையும் நிலத்தையும் கம்பெனிக்கு விற்றுவிட்டு, இப்போது அதே கம்பெனியில் மேஸ்திரியாக இருக்கிறான். கிணறும் அதைச் சுற்றிய நிலமும் மட்டும் அவன் அக்கா பாஞ்சாலியின் பெயரில் இருந்தன. கல்யாணம் கட்டாமல் நின்றுவிட்ட மகளுக்கு அப்பன் எழுதி வைத்தது. அவள் விற்க மாட்டேன் என்றாள்.

"அப்புறம்?"

"கெணத்துல வுழுந்துட்டான்னாங்க. நாந்தான் குளிப்பாட்டுனேன். எடது கட்டவிரல்ல மை. ராவெல்லாம் தண்ணியில கெடந்த ஒடம்புல மை எப்டிம்மா பளிச்சுன்னு நிக்கும்? மேல எடுத்துப் போட்டப்புறம்தான் பத்திரத்துல ரேகை வெச்சிருக்காங்க."

நான் அந்த நீல விரலையே பார்த்தேன். அதை வண்ணமாகவே நினைத்துத் தீட்டியிருந்தேன்.

"நீங்க யார்கிட்டயும் சொல்லலியா?"

"சொல்லிட்டு எந்த வூட்டுக்குப் போவேன்?" என்றாள். பிறகு சொம்பைக் கண்டாள். உள்ளே அழுகாமல் கிடந்த மல்லியைக் கண்டாள். "இது இன்னாது?"

சொன்னேன். கிணற்றுத் தண்ணீர், பூ, நான் கூப்பிட்டது. என்ன சொல்லிக் கூப்பிட்டேன் என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னா வேலம்மா பண்ணிட்ட! எங்க வூட்ல செத்த பொம்பளைய பூவாடைக்காரின்னு கும்புடுவோம். வருசம் திரும்புனா கெணத்தாண்ட போயி, சொம்புல தண்ணி மொண்டு, பூவப் போட்டு, 'வூட்டுக்கு வா, வந்து பசியாறு'ன்னு கூப்ட்டு இட்டாருவோம். இவள மட்டும் யாரும் கூப்பிடல. வந்துடுவாளேன்னு பயம். வூட்டையே வித்துட்டா எங்க வருவான்னு, அவ செத்தப்புறம் எங்க வூட்டுக்காரரு வித்தாரு. நீ வந்து இட்டாந்துட்டியே!"

"வாசல்லயே நின்னுட்டாங்க. உள்ளே வரல."

"எப்டி வருவா? 'என் வூடு'ன்னுதானே கூப்ட்ட? இது உன் வூடா?"

அதே கேள்வி. அதே சொற்கள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் தனியாக இல்லை. நான் அடுப்படியில் நின்றால் வாசல்படியில் தண்ணீர் சொட்டும். ஜன்னலோரம் உட்கார்ந்து வரைந்தால் கம்பிக்கு வெளியே மூச்சு கேட்கும். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, மிரட்டலே இல்லாமல், விலாசம் விசாரிப்பதுபோல.

உன் வூடா?

பயத்தைவிட எனக்கு அவமானம்தான் அதிகமாக இருந்தது. ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. கோபாலோடு நான் வாழ்ந்த எந்த வீட்டைக் காட்டியும் சொல்லியிருக்க முடியாது.

அந்த வாரமே பலராமன் டிராக்டரில் மண் கொண்டு வந்து கிணற்றில் கொட்டினான். நான் போய்க் கேட்டேன்.

"பாழுங்கெணறும்மா. சாரே தூர்க்கச் சொல்லிட்டாரு" என்று பணிவாகச் சிரித்தான்.

"உங்க அக்கா கிணறுதானே?"

சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோயிற்று. "அக்கா எழுதிக் குடுத்துட்டாங்கம்மா" என்றான். அவன் கண் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

கிணறு முழுக்கத் தூர்ந்த அன்று மாலை, விளக்கு வைக்கும் நேரத்தில் கோபால் ஒரு தாளோடு வந்தான். மேசையில் மைப்பெட்டியையும் வைத்தான். தைப்பிங் வீட்டை விற்க அவனுக்கு அதிகாரம் தரும் பத்திரம்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"கையெழுத்தை நான் பாத்துக்கிறேன். ரேகையைத்தான் என்னால வைக்க முடியாது. வா."

அவன் அதை எரிச்சல்கூட இல்லாமல் சொன்னான். பதினோரு வருஷம் ஒரே பாயில் படுத்தவன். என் கை அவனுக்கு ஒரு முத்திரைக் கட்டை.

"பலராமன் சொல்லிக் குடுத்தானா?" என்றேன்.

அவன் எழுந்து நின்றான்.

கரண்ட் போயிற்று.

இருட்டில் அவன் நாற்காலி தரையில் உரசியது. நான் சுவரைத் தடவிக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டேன். தீப்பெட்டி கையில் அகப்பட்டது. முதல் குச்சி உடைந்தது.

"எங்க போறே? கையைக் குடு" என்றது அவன் குரல் கூடத்தில்.

நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

"ம். இப்பத்தான் புத்தி வந்திருக்கு."



மைப்பெட்டி மூடி திறக்கும் சத்தம். தாள் சரசரத்தது.

"ஏன் கை இவ்வளவு ஈரமா இருக்கு, லீலா?"

நான் அடுப்படி நிலைப்படியில் நின்றிருந்தேன்.

தீக்குச்சியைக் கிழித்தேன்.

கோபால் மேசைமேல் குனிந்திருந்தான். அவன் இடது கை காற்றில் எதையோ இறுகப் பிடித்திருந்தது. விரல்களுக்கு நடுவே ஒரு மணிக்கட்டு அளவு வெற்றிடம். முழங்கை வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தாளில் புதிதாக வைத்த ஒரு ரேகை. வெளிச்சம் வந்த திசைக்கு மெல்லத் திரும்பி, தூரத்தில் நிற்கும் என்னைப் பார்த்தான்.

கையை உதறிப் பார்த்தான். விரல்கள் பிரியவில்லை.

அவன் காதருகே யாரோ கேட்டார்கள்.

"எழுதி வாங்கிட்டியா?"

குச்சி என் விரலைச் சுட்டு அணைந்தது.

காலைவரை அவனால் அந்த விரல்களைப் பிரிக்க முடியவில்லை. பத்திரத்தைப் பற்றி அதன் பிறகு அவன் பேசவே இல்லை. "நீ ஊருக்குப் போயிடு" என்று அவனே டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. வரும் என்று காத்திருந்தும் பார்த்தேன்.

கிளம்பும்போது கங்கம்மாள் வாசலில் நின்றாள். படி காய்ந்து கிடந்தது.

"சத்தம் அடங்கிப்போச்சுக்கா" என்றேன்.

"கெணத்த மூடிட்டாங்க. இந்த வூடும் அவளுது இல்ல. இன்னும் எதுக்கு இங்க நிப்பா?" அவள் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். "கூப்ட்டது நீதானே. அவள மரியாதையா வெச்சுக்க."

வழியெல்லாம் அந்தச் சொல்லைத் தள்ளிவிட்டுக்கொண்டே வந்தேன். தைப்பிங்கில் மழை. அம்மாவின் வீடு நான் கிளம்பியதிலிருந்து பூட்டிக் கிடந்தது. சாவி என் ஒருத்தியிடம்தான். பின்கதவுக்கு நானே பலகை வைத்து ஆணி அடித்துவிட்டுப் போயிருந்தேன். அந்த ஆணிகள் துருப்பிடித்து அப்படியே இருந்தன.

முன்கதவுக்கு வந்து பூட்டைத் திறந்தேன். தள்ளினேன். கதவு அசையவில்லை. மழையில் உப்பியிருக்கும் என்று தோளைக் கொடுத்துத் தள்ளினேன்.

உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இது என் வீடு. இந்த ஒரு வீட்டைக் காப்பாற்றத்தான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தேன். கையை மடக்கிக் கதவை ஓங்கித் தட்டினேன்.

உள்ளே யாரோ எழுந்து வரும் சத்தம் கேட்டது. அவசரமில்லாத நடை.

வீட்டுக்காரியின் நடை.