இரண்டாவது துளை

மைக் முதல் துளையில் செருகியிருந்தது. இரண்டாவது துளையில் ஒன்றுமே இல்லை. அப்படியிருந்தும் அதன் பச்சை விளக்கு மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது.

கயல்விழி அந்த ஆடியோ இன்டர்ஃபேஸைத் தட்டிப் பார்த்தாள். உள்ளங்கையளவு பெட்டி, மைக்கில் பேசுவதை லேப்டாப்புக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது. பாபநாசம் பக்கம் யார் செத்தாலும் ஆட்டோவில் ஒலிக்கும் இறப்புச் செய்தி அவள் குரல்தான். ஊர் அழுதால்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கும். வெளிச்சத்தம் பதிவில் விழாமலிருக்க ஃபேனை நிறுத்தி ஜன்னலில் மெத்தையைச் சாத்தியிருந்த அறையில் சூடான பஞ்சு வாசனை அடித்தது. வயலில் அறுப்பு மெஷின் உறுமுவது எங்கோ மங்கலாகக் கேட்க, சுவருக்கு அப்பால் மட்டும் ஒரு கட்டில் தெளிவாகக் கிரீச்சிட்டது. அது பக்கத்து வீட்டு அரசப்பன் பெரியப்பாவின் கட்டில். அவர் போன வாரமே போய்விட்டார். கட்டிலையும் அன்றே வெளியே போட்டுவிட்டார்கள்.

வெட்கத்தில் அவள் காது சுட்டது. அவர் உயிரோடு இருக்கும்போதே மகன் ராஜசேகர் வந்து நின்றான். "அப்பா இன்னைக்குத் தாண்டமாட்டாருக்கா. இப்பவே பேசி வச்சிருங்க." அவன் போனதும் அவளும் பேசினாள். 'அரசப்பன் அவர்கள் காலமானார்' என்று முடித்த கையோடு சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"கயலு, நான் இன்னும் இருக்கேம்மா."

சின்ன வயதில் அவளைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்ட மனிதர். அவருக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. மைக் முன்னால் தனக்குத்தானே எதையோ முணுமுணுத்தாள். அதை அழித்துவிட்டு மறுபடி பதிந்தாள். அன்று சாயங்காலமே அவர் இறந்தார்.

இன்று வடக்குத் தெருவில் இறந்துபோன அம்சத்துக்கான செய்தியைப் பேசி ஆட்டோக்காரருக்கு அனுப்பிவிட்டாள். விளக்கு அணையவில்லை. ஹெட்போனை மாட்டினாள். மூச்சு. இழுத்து, நின்று, மறுபடி இழுக்கும் மூச்சு. சத்தத்தைக் குறைத்தாள். குறையவில்லை. பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். பச்சை சிவப்பானது.

தெருவுக்குள் ஆட்டோ வந்தது. அவள் குரல். அம்சத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் வேறு குரல்.

"கயலு, நான் இன்னும் இருக்கேம்மா."

கதவுகள் திறந்தன. மெத்தையை விலக்கினாள். தெருவே அவள் ஜன்னலைப் பார்த்து நின்றது. முன்னால் ராஜசேகர். ஒலிபெருக்கி கரகரத்தது. அவள் அழித்த முணுமுணுப்பு. அவள் குரலிலேயே.

"ச்சே, சத்தம் விழுந்துருச்சு. இன்னொருக்கா எடுக்கணும்."

சுவருக்கு அப்பால், இல்லாத கட்டிலிலிருந்து யாரோ மெதுவாக இறங்கினார்கள்.