வாசலில் செருப்பு இல்லை

செபஸ்டின் செந்துறை பஸ்ஸை விட்டு இறங்கிக் குடோன் வாசலுக்கு வந்தபோது மணி மூன்று. சோளக் குடோன்களுக்கு மருந்து போட அந்தப் பக்கத்தில் அவரை விட்டால் ஆளில்லை. மூட்டைகளுக்கிடையே மாத்திரைகளை வைத்து, ஷட்டரை இறக்கி, இடுக்கெல்லாம் தாள் ஒட்டி ஐந்து நாள் அடைத்துவிட வேண்டும். கொஞ்ச நேரத்தில் மாத்திரை விஷக்காற்றைக் கக்கத் தொடங்கும். அப்புறம் உள்ளே வண்டு என்ன, மனிதன்கூடப் பிழைக்க முடியாது.

தானியத்தைச் செருப்புக் காலோடு மிதிக்கிற வழக்கம் அங்கே கிடையாது. எல்லாரும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் போவார்கள். அதனால் அடைக்குமுன் உள்ளே போய் யாரும் தேடுவதில்லை. செருப்பு இல்லையென்றால் ஆளும் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன் இதே குடோனில் செபஸ்டினும் அப்படித்தான் பார்த்தார். கூட்டிப் பெருக்கும் செங்கமலத்துக்கு அன்று காலையில் செருப்பு வார் அறுந்துபோயிருந்தது. வெறுங்காலோடு வந்தவள், கடைசி அடுக்குக்குப் பின்னால் சாக்கை விரித்துக் கண்ணயர்ந்துவிட்டாள். ஐந்து நாளும் அவளைத் தேடி ஒரு நாதி வரவில்லை.

"வாசல்ல செருப்பு இல்லீங்க சார், நான் என்ன பண்ணுவேன்?" என்று ஸ்டேஷனில் சொன்னார். ஊரெல்லாம் சொன்னார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டுச் சுவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பேச ஆளில்லாத செல்போன் சார்ஜ் இல்லாமல் மூன்று நாளாக அணைந்து கிடந்தது. பாவம், மனுஷன் அப்படித் தனித்துப் போயிருந்தார்.

"டீ குடிச்சிட்டு வந்துடுறேண்ணே" என்றான் வாட்ச்மேன் ராசாங்கம்.

"மெதுவா வா. நான் முடிச்சிட்டு நாலு மணி பஸ்ஸப் புடிச்சிடுவேன். நீ வந்து அடைச்சிடு. அடைக்கிறதுக்கு முன்ன வாசலப் பாத்துக்க."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். வரிசை வரிசையாக மாத்திரைகளை வைத்துக்கொண்டே நகர்ந்தார். சோளத்தூசி மூக்கை அரித்தது. கடைசி அடுக்கு வந்ததும் அவருக்குக் கால் கூசியது.

சர்ரக்.

விளக்குமாற்றுச் சத்தம்.

"யாரது?"

சத்தம் நின்றது. பிறகு, தூங்குகிறவர்களின் மூச்சு, சீராக.

எட்டிப் பார்த்தார். ஆளில்லை. தரை அப்போதுதான் பெருக்கியதுபோல் சுத்தமாக இருந்தது. ஒரு சாக்கு விரித்திருந்தது. அதன் கால்மாட்டில் ஒரு ஜோடி செருப்பு.

அவருடைய செருப்பு.

ஷட்டர் கடகடவென்று இறங்கியது.

விழுந்தடித்து ஓடினார். இரண்டு கையாலும் ஷட்டரை அறைந்து கத்தினார்; சோள மூட்டையில் அறைந்ததுபோல் தகடு அதிரவே இல்லை. ரோட்டில் சிமென்ட் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. வெளியே தாள் ஒட்ட ஒட்ட, இடுக்குகளில் தெரிந்த வெளிச்சம் மேலிருந்து கீழாக மறைந்துகொண்டு வந்தது. லாரிகள் ஓய்ந்தபோது ராசாங்கத்தின் பைக் கிளம்பியிருந்தது. போகிற போக்கில் அவன் யாரிடமோ போனில் சொன்னது மட்டும் கேட்டது.

"அவரு போயிட்டாருங்க மொதலாளி. வாசல்ல செருப்பு இல்ல."

தன்னைத் தேடி யார் வருவார்கள் என்று செபஸ்டின் யோசித்தார். ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

மாத்திரைகளின் பூண்டு நாற்றம் மெல்ல எழுந்தது.

கூரைத் தகட்டில் கசிந்த வெளிச்சத்தில் திரும்பிப் பார்த்தார். சாக்கில் ஓர் ஓரம் அமுங்கியிருந்தது. மறுபாதி அவருக்காக ஒதுக்கி விட்டிருந்தது.

அவர் செருப்புக்குப் பக்கத்தில் இப்போது இன்னொரு ஜோடி. ஒன்றில் வார் அறுந்திருந்தது.