நாலு புள்ளி எட்டு

காலையிலிருந்தே புவனேந்திரனுக்கு அசதி. படகுக் காப்புறுதிக் கோரிக்கைகளை இருபத்தாறு வருடமாக விசாரித்து அலுத்தவர். எதிரில் உட்கார்ந்தவன் அழப்போகிறான் என்று தெரிந்ததும் அலுப்பு இன்னும் கூடியது.

"நான் அளக்காமலே நம்பர் எழுதிட்டேனாம் அண்ணே. பாஸ் போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணிட்டாரு," என்றான் ரெம்பியா ஊரிலிருந்து வந்த நிவேந்திரன்.

படகுகளின் அடித்தகடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கருவி வைத்து அளப்பது அவன் வேலை. கோலா சுங்கை பாரு படகுத்துறையில் அவன் அளந்து கொடுத்த இழுவைப்படகு மூன்றே வாரத்தில் ஓட்டை விழுந்து மூழ்கியது. எஞ்சின் அறையிலிருந்த பணியாள் காந்தன் மேலே வரவில்லை.

உதவியாளர் சூசன் அவனுடைய அளவு அறிக்கையைப் பறிக்காத குறையாக வாங்கிப் படித்தாள். தகடு புதிதில் ஆறு மில்லிமீட்டர். நாலரைக்குக் கீழே தேய்ந்தால் மாற்றியாக வேண்டும். ஓட்டை விழுந்த இடத்துக்கு அவன் எழுதியிருந்தது 4.8.

"ஓட்டை ஓரம் இப்ப 2.4தான் சார். மூணு வாரத்துல இரும்பு இப்படிக் கரையுமா? கதை விட்டிருக்கான்லா!"

"சரிபாதி," என்றார் அவர். "கதை விடுறவனுக்கு இவ்ளோ கணக்கா வருமா?"

மதியம், மீட்டுக் கரையேற்றியிருந்த அந்தப் படகருகே நிவேந்திரனின் முதலாளி ஜூலியஸ் கருவிப் பெட்டியோடு வந்தார். பெட்டியில் அளவு முனைகளுக்கு இரண்டு குழிகள். ஒன்றில் பெரிய முனை. காலியாக இருந்த சின்னக் குழியில் கரப்பான் முட்டைக் கூடுகள் காய்ந்து கிடந்தன.

"ஓட்டை ஓரத்தை மறுபடி அள தம்பி," என்றார் புவனேந்திரன்.

நிவேந்திரன் பெரிய முனையை வைத்தான். திரையில் 4.8. அதே இடத்தைப் புவனேந்திரன் கேலிப்பர் அளவுகோலால் கவ்விப் பிடித்தார். 2.4.

சூசன் இரண்டு எண்ணையும் குறித்துக்கொண்டாள். புவனேந்திரன் விளக்கினார்.

"கருவி அனுப்புற ஒலி தகட்டோட அடுத்த பக்கம் மோதித் திரும்பும். மூணு மில்லிக்குக் கீழ போனா இந்தப் பெரிய முனைக்கு முதல் எதிரொலி பிடிபடாது. ரெண்டு தரம் போய் வந்ததைத்தான் எண்ணும், அதான் ரெட்டிப்பாக் காட்டுது. இவன் ஒழுங்காத்தான் அளந்திருக்கான். மெஷின்தான் பொய் சொல்லியிருக்கு. மெலிஞ்ச தகட்டுக்குச் சின்ன முனை வேணும். எங்க ஜூலியஸ் அது?"

"போன மாசம்தான் ரிப்பேருக்குக் கொடுத்தேன்."

"ஒரு மாசத்துல கரப்பான் குடியேறி, முட்டை போட்டு, பொரிச்சு, கூடும் காஞ்சிடுச்சா?"

ஜூலியஸ் மரக்கட்டையில் உட்கார்ந்தார். "உடைஞ்சு ஒரு வருஷமாச்சு. வேற வாங்கல."

"அந்த ஒரு வருஷத்துல எத்தனை படகு?"

"நாப்பத்தொண்ணு."

சூசனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நிவேன், நீ தப்பிச்சிட்ட லா!"

அவன் காதில் எதுவும் விழவில்லை. அந்த நாற்பத்தொன்றில் பதினேழு அவன் கையெழுத்து. அந்தப் பதினேழில் ஒன்றை ஓட்டுபவருக்குப் போன் போட்டான். புவனேந்திரனுக்கு அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"நல்லமுத்து மாமா, எங்க இருக்கீங்க?"

மறுமுனையில் எஞ்சின் இரைச்சல்தான் முதலில் கேட்டது.

"திரும்பிடுங்க மாமா," என்றான். "நான் எழுதிக் கொடுத்ததை நம்பாதீங்க."