ரத்தம் நின்ற நேரம்

அந்த மாலையில் முதலில் எது கெட்டது என்று கோதண்டராமனுக்குச் சரியாக நினைவில்லை. பின்னால் மனைவி சசிரேகாவிடம் சொல்லும்போது ஒரு தடவை கண்ணாடிக் குழாய்கள் என்றான், ஒரு தடவை வாடை என்றான், கால் கனத்ததுதான் முதலில் என்றும் ஒரு தடவை சொன்னான். குழாய்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். அவன் வேறு எதையும் அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தவனில்லை.

தொண்ணூற்றொன்றாம் வருஷத்து ஐப்பசி. ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஒற்றை அறையில் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்திவந்தான். மத்தியானத்திலிருந்து மழை, மூன்று மணிக்குக் கரண்ட் போயிருந்தது. மேசைமேல் தாங்கியில் நான்கு மெல்லிய குழாய்கள் நிமிர்ந்து நின்றன. உறையாமலிருக்க மருந்து கலந்த ரத்தம். அப்படி நிறுத்திவைத்தால் சிவப்பு அணுக்கள் தங்கள் கனத்தில் மெல்ல அடியில் இறங்கும், மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்கிற்று என்று அளந்து எழுதவேண்டும். இரண்டு மணி நேரமாகியும் நான்கிலும் மயிரிழைகூட இறங்கவில்லை.

அவன் அதைப் பெரிதுபண்ணவில்லை. ரத்தத்தின்மேல் அவனுக்கு மரியாதை போய் வெகுகாலமாயிற்று. ரத்தம் கொடுக்க வருகிறவர்கள்மேல் அது என்றுமே இருந்ததில்லை. காண்டிராக்டர் திருமலை, தொழிற்சாலைக்குப் புதிதாகச் சேர்பவர்களை மண்ணூரிலிருந்தும் வடக்குப்பட்டிலிருந்தும் நாற்பது நாற்பதாக லாரியில் கொண்டுவந்து இறக்குவான். நாற்பது கையிலும் கோதண்டராமன் ஊசி குத்துவான். குத்தின தடம் இல்லாவிட்டால் ஜனங்கள் நம்பமாட்டார்கள். ஐந்து பேருடையதை மட்டும் சோதித்துவிட்டு, மீதியைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிடுவான். ரிப்போர்ட் மட்டும் நாற்பது. “எல்லா மாட்டுக்கும் ஒரே ரத்தம்தாம்ப்பா” என்று திருமலையிடம் சொல்லிச் சிரிப்பான். திருமலையும் சிரிப்பான்.

தொட்டியிலிருந்துதான் அந்த வாடை வந்தது. காலையில் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்திருந்தும், மழையில் நனைந்த இரும்பைக் கையில் வெகுநேரம் பிடித்திருந்துவிட்டு மோந்து பார்த்ததுபோல ஒரு வாடை, ஈரத்தோடு சேர்ந்து, அறையை ஒவ்வொரு மூலையாக நிரப்பிக்கொண்டு வந்தது. குனிந்து பார்த்தான். தொட்டி வெள்ளையாகத்தான் இருந்தது.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள்.

“சார், நான் கங்கம்மா. மண்ணூரு. கன்னியப்பனோட அம்மா.”

“எந்தக் கன்னியப்பன்?”

“கம்பெனி பிரஸ் மிசின்ல ரெண்டு வெரலு போச்சே சார். நாளையோட பத்து நாளு.”

தெரியாமலா கேட்டான். இரண்டு விரல் போனதற்கு யாரும் சாவதில்லை. ரத்தம் நிற்காமல் வண்டியிலேயே செத்துப்போனான் என்று திருமலை வந்து சொல்லியிருந்தான். ஊசி குத்திய அன்று அந்த ஆள் சொன்னதும் நினைவிருந்தது. ‘சார், எனக்கு ரத்தம் சீக்கிரத்துல நிக்காது சார். பல்லு வுழுந்தப்பகூட ரெண்டு நாளு வடிஞ்சிது.’ ‘உனக்கு வேலை வேணுமா, வைத்தியம் வேணுமா?’ என்று இவன் கேட்டதும் வரிசையே சிரித்தது. கன்னியப்பனும் கூடச் சிரித்துவிட்டு நகர்ந்தான்.

கங்கம்மாள் இடுப்பிலிருந்து இவன் எழுதிக்கொடுத்த ரிப்போர்ட் சீட்டை எடுத்துப் பிரித்தாள். “ரத்தம் நின்ன நேரம் ரெண்டு நிமிசம்னு இதுல போட்டுக்கீதாம். கம்பெனில படிச்சுச் சொன்னாங்க. அப்பறம் இன்னாத்துக்கு சார் நிக்கல?”

“ரத்தம்னா என்னன்னு உனக்குத் தெரியுமா? பாதிக்கு மேல தண்ணி. சிவப்பு அணு காத்தைச் சுமக்கும். வெள்ளை அணு கிருமியத் தின்னும். தட்டணுன்னு ஒண்ணு, அடிபட்ட எடத்துல போய் அடைச்சிக்கும். அதுமேல நூல் நூலா வலை கட்டும். அப்பதான் நிக்கும். ஒடம்பு சூட்டைக் கொண்டுபோறதும் ரத்தம்தான். இதெல்லாம் சொன்னா உனக்குப் புரியப்போவுதா?”

“புரியுது சார். அந்த அடைக்கறது எம்புள்ளைக்கு இருந்துச்சா? நீங்க பாத்தீங்களா?”

கூரைத் தகட்டில் மழை விழுந்துகொண்டிருந்தது.

“பார்த்தேன்.”

“நோவ மறைச்சிட்டு வேலைக்குச் சேந்தான்னு அவன்மேல எழுதிட்டாங்க சார். பாக்கலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. எங்காதுல சொன்னா போதும். நான்பாட்டுக்கு வூட்டுக்குப் போயிடறேன்.”

“ரெண்டு நிமிஷத்துல நின்னுச்சு. சொல்றேன்ல.”

அவள் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். “நிக்கட்டும் சார்.” திட்டுகிற குரல் இல்லை அது. “உங்களுக்கும் அப்பிடியே நிக்கட்டும்.”

சாலையைக் கடந்து பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள்.

‘வந்துட்டா கேள்வி கேக்க’ என்று முணுமுணுத்தபடி கோதண்டராமன் கதவைச் சாத்த எழுந்தான். கால் நகரவில்லை. தண்ணீர் நிரம்பிய இரண்டு வாளிகளைப்போலக் கனத்தது. தலையோ காற்றாக இருந்தது. மேசையைப் பிடித்த கையைப் பார்த்தான். நகங்கள் மஞ்சளாக இருந்தன.

ஊசியால் விரல் நுனியைக் குத்தினான். ஒரு துளி வந்தது. சிவப்பு இல்லை. வைக்கோல் நிறத் தண்ணீர். உறிஞ்சுதாளில் ஒற்றினான். வெறும் ஈரம்.

பேன்ட்டைச் சுருட்டினான். கெண்டைக்கால் வெளுத்துக் கிடந்தது. கணுக்காலுக்குக் கீழே கருஞ்சிவப்பு. நடுவில் ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல ஒரு கோடு. ஒரு காலைத் தூக்கி ஸ்டூல்மேல் சாய்த்து வைத்தான். கால் சாய்ந்தது. கோடு சாயவில்லை. தோலுக்குள் மெல்ல நகர்ந்து மட்டமாக நின்றது. பாட்டிலில் எண்ணெய் நிற்பதுபோல.

மேசையைத் திரும்பிப் பார்த்தான். நான்கு குழாய்களும் முழுச்சிவப்பு. அங்கே எதுவும் இறங்கவில்லை.

இறங்குவது இங்கே.

இருபதடி தூரத்தில் அவள் நின்றாள். ஒரு வார்த்தை. வாயைத் திறந்தான். சொன்னால் லேப் போகும், திருமலை போவான். அதைவிட, அந்தப் பொம்பளையிடம். மழையில் நனைந்துகொண்டு நிற்கிற, கையெழுத்துப் போடத் தெரியாத ஒருத்தியிடம். வாயை மூடிக்கொண்டான்.

பஸ் வந்தது. போயிற்று. நிறுத்தம் காலியாக இருந்தது.

தரையில் படுத்தான். இந்தப் பக்கம் உருண்டான். அந்தப் பக்கம் உருண்டான். குழாயைச் சாய்த்துச் சாய்த்துக் கலக்குவதுபோல. கொஞ்சம் கலந்தது. நிறுத்தினால் பிரிந்தது.

திருமலை இப்போது ஆட்களை வேறு லேபுக்குக் கூட்டிப்போகிறான். கங்கம்மாள் மண்ணூரில்தான் இருக்கிறாள். கம்பெனிக் காகிதத்தில் கன்னியப்பன் இன்னும் நோயை மறைத்தவன்தான். தண்டலத்து வீட்டில் சசிரேகா பதினோரு நாள் கோதண்டராமனை அரை மணிக்கொரு தரம் புரட்டிப்போட்டாள். பன்னிரண்டாம் நாள் மத்தியானம் கண்ணயர்ந்துவிட்டாள். விழித்தபோது அவன் மூலையில் சுவரோடு ஒட்டி நிமிர்ந்து நின்றான். கண் திறந்திருந்தது. தலையிலிருந்து முழங்கால்வரை வைக்கோல் நிறம். ஜன்னல் வெளிச்சம் அவன் காதையும் கன்னத்தையும் ஊடுருவி வந்தது. முழங்காலில் கோடு. அதற்குக் கீழே கருஞ்சிவப்பு. நெஞ்சில் கை வைத்தாள். சில்லென்றிருந்தது. பாதம் மட்டும் சுட்டது. கணுக்காலில் விரல் வைத்தாள்.

நாடி அடித்துக்கொண்டிருந்தது.