காயாத சுவர்

மக்டலீனுக்கு வீடு காட்டி வென்றவர் ஒருவருமில்லை. ஷெல் விழுந்து குருநகர் வீடு போன பிறகு நாலு வீடு பார்த்துவிட்டாள்; நாலையும் வேண்டாமென்றுவிட்டாள். கோயில் மண்டபத்தில் பாயோடு பாய் முட்டக் கிடந்துகொண்டு இவளுக்கு இந்த எடுப்பு ஏன் என்று சனம் முணுமுணுத்தது. சனத்துக்கென்ன, வாய் இருக்கிறது. அவளுடைய மகள் மார்கிரட்டுக்குத் தொய்வு, மூச்சிழுக்கும் வருத்தம். ஆறு வயதுப் பிள்ளை. நாலில் முதல் வீட்டுக்குக் குடிபோய், அங்கே அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்திருந்த பூஞ்சணத்தைக் கவனிக்காமல் விட்டதில், கார்த்திகை மழையில் பிள்ளை மூச்சு இழுத்து இழுத்து நீலம் பாய்ந்துபோனாள். இன்னொரு ஈர வீடென்றால் பிள்ளை தங்காது என்று டொக்டர் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டார்.

ஐந்தாவது வீடு முஸ்லிம் ஆட்களின் ஒழுங்கையில் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், இயக்கம் முஸ்லிம் ஆட்களை ஊரைவிட்டுத் துரத்தியபோது, இரண்டு மணித்தியாலத்தில் அந்த ஒழுங்கை முழுவதும் வெறுமையாக்கப்பட்டது. போகும்போது அந்த வீட்டுக்காரி சபீஹா திறப்பைப் பக்கத்து வீட்டு நமசிவாயத்தின் கையில் வைத்து, ஆரையாவது இருத்துங்கோ, பூட்டிக் கிடந்தால் வீடு செத்துப்போகும் என்றாளாம். நாலு மாதம் கழித்து, மாசி மாத மத்தியான வெயிலில், நமசிவாயம் அந்தத் திறப்பைப் போட்டு மக்டலீனுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

மக்டலீன் மகளை விறாந்தையில் இருத்திவிட்டு வேலையைத் தொடங்கினாள். உள்ளங்கையைச் சுவரில் அழுத்திப் பார்த்தாள். விரல் மொழியால் தட்டிக் கேட்டாள். மூலைகளில் குனிந்து மணந்தாள். கூரை மரங்களில் கறுத்த கோடு ஏதும் ஓடுகிறதா என்று அண்ணாந்தாள். தங்கச்சி என்ன சி.ஐ.டி.யிலை இருந்தனீரோ என்று நமசிவாயம் பகிடி விட்டார். ஒரு குறையும் அகப்படவில்லை. வீடு கருவாடு மாதிரிக் காய்ந்து கிடந்தது.

உள்ளறைக்கு மட்டும் நமசிவாயம் வரவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டார்.

அங்கே ஒரு சுவருக்கு மட்டும் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. அதை மறைத்து ஓர் அலுமாரி நின்றது. ஒரு முறை ஏமாந்தவளல்லவா, இரண்டு கையாலும் அலுமாரியைத் தள்ளினாள்.

இடுப்பளவு உயரத்துக்கு ஈரம்.

பூஞ்சண மணம் இல்லை. தைலம் பூசிய பிள்ளையின் மணம்தான் இலேசாக அடித்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. அவளுக்கு மனம் ஆறிவிட்டது. கடற்கரையில் பிறந்தவளுக்கு உப்பென்றால் கடற்காற்று. குருநகரில் எந்தச் சுவர்தான் உப்புப் பூக்காது? அங்கேதான் அவள் பிழை விட்டாள். கடற்காற்றின் உப்பு இளஞ்சூடாக இருக்காது.

மகளைக் கூப்பிட்டாள். வந்த பிள்ளை வெறும் சீமெந்து நிலத்தில் மல்லாந்து படுத்து, படுத்தபடியே நித்திரையாகிவிட்டாள். மாதக்கணக்காகச் சாய்ந்து இருந்தபடியே உறங்குகிற பிள்ளை! மக்டலீனுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

அப்போது இழுப்புச் சத்தம் கேட்டது.

பதறிக் குனிந்து மகளின் நெஞ்சில் காதை வைத்தாள். மூச்சு சீராகப் போய் வந்தது.

இழுப்பு நிற்கவில்லை.

சுவரிலிருந்து வந்தது.

மெல்லத் திரும்பினாள். ஈரத்தின் வடிவம் இப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. மேலே வட்டமாக ஒரு தலை. கீழே இரண்டு தோள், ஒடுங்கிய முதுகு. தொய்வுக்காரப் பிள்ளை படுக்க முடியாமல், விடிய விடியச் சுவரில் சாய்ந்திருந்து வியர்த்த அடையாளம். அவளுடைய குருநகர் வீட்டுச் சுவரிலும் இதே அளவில் ஒன்று இருந்தது.

வாசலிலிருந்து நமசிவாயம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சுஹறா. சபீஹாவின்ரை மகள். உம்மடை பிள்ளையின்ரை வயசுதான். வெளிக்கிட்ட அவசரத்திலை மருந்து வீட்டுக்குள்ளை விடுபட்டுப்போச்சு. வவுனியா தாண்ட முந்தியே பிள்ளை செத்துப்போச்சு எண்டு கடிதம் வந்தது. மூண்டு தரம் சுண்ணாம்பு அடிச்சன் தங்கச்சி. திரும்பத் திரும்ப வருது."

பயந்து ஓடத்தான் வேண்டும். ஆனால் இழுக்கிற பிள்ளையை விட்டு ஓடிப் பழக்கமில்லாத கை அது. தானாகவே சுவருக்குப் போய், அந்தச் சின்ன முதுகை மேலிருந்து கீழாகத் தடவியது. ஒன்றுமில்லையம்மா, ஒன்றுமில்லை என்று வாய் சொன்னது. இழுப்பு தணிந்தது. சுவர் அமைதியானது.

நிலத்தில் மார்கிரட் இழுக்கத் தொடங்கினாள்.

மக்டலீன் கையை எடுத்தாள். மகள் அமைதியானாள், சுவர் இழுத்தது. மறுபடி கையை வைத்தாள். மகளின் உதடு நீலம் பாரித்தது.

எடுத்தாள்.

கண்ணீர் தாடையால் வடிந்து சட்டையில் விழுந்தது. மாதாவே, ஏன் என்னட்டைக் கேக்கிறாய் என்று ஒரு முறை முனகினாள்.

"விடுவமோ தங்கச்சி? வேறை வீடு பாப்பமே?" என்றார் நமசிவாயம்.

"வேண்டாம் அண்ணை. இதையே எடுக்கிறம்." அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. "சுவரெல்லாம் நல்லாய்க் காய்ஞ்சிருக்கு."

அலுமாரியில் தோளைக் கொடுத்து அதைச் சுவரோடு ஒட்ட நெருக்கினாள். பின்னால் இழுப்பு ஒரு கணம் நின்றது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே, தாயைக் கூப்பிடுகிற ஒரு சின்னக் குரல் கேட்டது.

"உம்மா, கையை எடுக்காதீங்கோ."

மார்கிரட் வாய் மூடி, மல்லாந்து, ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தாள்.