நனைந்த இலவம்பஞ்சு

இலவம்பஞ்சு நனையாது. வாளித் தண்ணீரில் போட்டு அமுக்கினாலும் மேலே வந்து மிதக்கும். சலாதிகா ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் ரூபினெம் பழைய திண்டின் உறையைப் பிரித்து உள்ளே கைவிட்டபோது பஞ்சு கொழகொழவென்று ஈரமாக இருந்தது. கையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். பாசி பிடித்த கிணற்று வாடை அடித்தது.

இரண்டு மாதமாக மழை இல்லை. இந்தத் திண்டு எட்டு வருஷத்துக்கு மேலாகப் பரணில் கிடந்தது. ஓட்டுச் சூட்டில் மெழுகுவத்தியே வளைந்துபோகும் இடம் அது.

அது ஆள் நீளத் திண்டு. குலிங் என்பார்கள். கட்டிப்பிடித்து, மேலே காலைப் போட்டுக்கொண்டு தூங்குவதற்கு. கப்பலேறி வருகிற ஒவ்வொரு டச்சுக்காரனும் ஹேக்மன் துரையின் கடைக்கு வந்து எனாமல் பேசின் வாங்குவான், கொசுவலை வாங்குவான், கரி இஸ்திரிப்பெட்டி வாங்குவான், கூடவே கட்டாயம் ஒரு குலிங்கும் வாங்குவான். வாய் பேசாத பெண்டாட்டி என்று கடையில் கேலி பேசுவார்கள். அத்தனையும் ரூபினெம் பஞ்சடைத்துத் தைத்தவை. அவளும் அந்த வீட்டில் எட்டு வருஷமாக வாய் பேசாமல்தான் இருந்தாள்.

அவள் துரையின் ஞாய். அதாவது நிக்காஹ் இல்லை, பத்திரம் இல்லை, பெண்டாட்டி செய்கிற வேலை எல்லாம் உண்டு. கடைச் சரக்கைப் பார்த்தாள், காய்ச்சல் வந்தால் அவருடைய வாந்தியைக் கையில் ஏந்தினாள், ஒரு பெண்ணையும் பெற்றாள். லீசாவுக்கு இப்போது ஆறு வயது. பிறந்த வாரமே துரை குழந்தையைத் தன் பெயரில் பதிந்துகொண்டார். அந்தத் தாளின்படி பெற்றவளுக்கு ஒரு உரிமையும் கிடையாது. என்றைக்காவது தன்னையும் ஒரு தாளில் சேர்த்துக்கொள்வார் என்று ரூபினெம் இலவு காத்த கிளியாக இருந்தாள்.

நாளைக்குக் கப்பலில் ஹாலந்திலிருந்து துரைக்குப் பெண் வந்து இறங்குகிறாள். இன்று நாலு மணிக்கு மாட்டுவண்டி வரும். ரூபினெம் தன் ஊருக்குப் போய்விட வேண்டும். லீசா இங்கேயே இருப்பாள்.

"கடைல எது பிடிச்சிருக்கோ எடுத்துக்க," என்று காலையில் துரை பெரிய மனசோடு சொல்லியிருந்தார். "விளக்கு, பீங்கான், வலையடிச்ச அலமாரி. எது வேணாலும்."

"லீசாவ எடுத்துக்கிறேன் துரை."

"அவ கடைச் சாமான் இல்ல."

"அப்ப நான் மட்டும் சாமானா?"

துரை சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டே பேசினார். "புதுக் கட்டிலுக்கு ஒரு குலிங் வேணும். விக்கிற பஞ்சத் தொடாத. பரண்ல பழசு ஒண்ணு கெடக்கு, உறைய மாத்திப் போடு."

தன்னைத் துரத்திவிட்டு வருகிறவளுக்குத் தன் கையாலேயே படுக்கை தைக்க வேண்டும்.  ரூபினெம் எரிச்சலோடு மறுபடி திண்டுக்குள் முழங்கை வரை கையை விட்டு இழுத்தாள். விரலில் ஏதோ சிக்கியது. நூல் என்று நினைத்தாள். இழுக்க இழுக்க வந்தது. முடி. முழுதாக ஒரு கொண்டை, கொம்பு ஊசி செருகியது செருகியபடி, தண்ணீர் சொட்டச் சொட்ட.

அவள் போட்ட கூச்சலுக்குச் சமையல்காரி துகினா ஓடிவந்தாள். ஊசியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது சரிந்தெனோட ஊசிடி."

சரிந்தென், ரூபினெமுக்கு முன்னால் இந்த வீட்டில் ஞாயாக இருந்தவள். ஊருக்குப் போய்விட்டாள் என்று துரை சொல்லியிருந்தார்.

"போகலயாக்கா?"

"அவ பையன ஹாலந்துக்குக் கப்பலேத்துனாரு. மூணு நாள் கத்துனா. நாலாம் நாள் சத்தமே இல்ல. அன்னிக்குத்தான் ஆள வச்சு பின்கட்டுக் கிணத்த மூடுனாரு."

"எட்டு வருஷமா என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ என்ன கிழிச்சிருப்ப? எனக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குல்ல." துகினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதக் கொண்டுபோய் மண்ணுல பொதைச்சிரு. கட்டு மட்டும் போடாத. குழில கட்ட அவுக்காம விட்டா என்ன ஆகும்னு தெரியும்ல?"

தெரியும். இறந்தவரைக் கஃபன் துணியில் சுற்றித் தலை, இடுப்பு, கால் என்று மூன்று இடத்தில் கட்டுவார்கள். குழிக்குள் இறக்கியதும் அவிழ்த்துவிட வேண்டும். மறந்துவிட்டால் இறந்தவர் அமைதியாகக் கிடக்க மாட்டார். எழுந்து வந்து, அவிழ்த்துவிடு, அவிழ்த்துவிடு என்று படுக்கை படுக்கையாகத் தேடுவார்.

துகினா போனபின் ரூபினெம் கொண்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துரைக்கு இந்தத் திண்டு யாருடையது என்பதே ஞாபகமில்லை. கொன்றதைக்கூட விடு, செத்தவளையே மறந்துபோயிருக்கிறான் பாவி. மறந்து, அவள் கட்டிக்கொண்டு படுத்த திண்டையே புதுப்பெண்டாட்டிக்கு எடுத்து வைக்கச் சொல்கிறான்!

அவள் கொண்டையைப் பஞ்சுக்குள் திரும்பத் திணித்தாள். வெள்ளை உறையைப் போட்டாள். குலிங்குக்கு இரண்டு முனையிலும்தான் கட்டு. அவள் மூன்று போட்டாள். தலை, இடுப்பு, கால். ஒவ்வொன்றையும் பல்லால் கடித்து இறுக்கினாள். துரை எழுந்திருக்காமல் போனால் நாலு மணி வண்டியில் இரண்டு பேராகப் போகலாம்.

ஒரு மணிக்குக் கடையைச் சாத்தி, சாப்பிட்டு, நாலு மணி வரை தூங்குவது துரையின் வழக்கம். அவர் படுக்க வருவதற்குள் திண்டைத் தூக்கிக்கொண்டுபோய்ப் புதுக் கட்டிலில் கிடத்தினாள். பஞ்சுத் திண்டு, ஆள் கனம் கனத்தது.

பக்கத்து அறையில் லீசா கால்களை உதைத்துக்கொண்டு படுத்திருந்தாள். தாய் வாடை மறக்க வேண்டும் என்று நேற்றிலிருந்து குழந்தையை அங்கேதான் தனியாகத் தூங்க வைக்கிறார்கள். துரை அறைக்குப் போக நடுவில் ஒரு கதவு.

"கட்டிக்க ஒண்ணும் இல்லாம தூக்கமே வரலம்மா."

"இன்னிக்கு ஒரு நாள்டி கண்ணு. அந்தக் கதவத் தொறக்கக் கூடாது, என்ன? அம்மா வந்து தூக்கிக்கிறேன்."

"எனக்கும் ஒரு குலிங் தா."

"ஊர்ல தச்சித் தரேன்."

ரூபினெம் கடைக்குள் வந்து உட்கார்ந்தாள். சன்னல்கள் சாத்தியிருந்தன. மண்ணெண்ணெயும் சவுக்காரமும் சேர்ந்த புழுக்கம். வெயிலில் கடையின் தகரக் கூரை பட்டுப்பட்டென்று தெறித்தது. சுவரில் விற்பனைக்குத் தொங்கிய கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் ஓடிக்கொண்டிருந்தன. மூலையில் குலிங்குகள் வரிசையாக நின்றன. அவள் தைத்தவைதான். ஆனாலும் அவற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார அவளால் முடியவில்லை.

உள்ளே துரையின் குறட்டை கேட்டது.

பிறகு சொட்டுச் சத்தம். மரத்தரையில் தண்ணீர் விழுகிற சத்தம். ஒன்று. வெகுநேரம் கழித்து இன்னொன்று. பிறகு விடாமல்.

கிணற்று வாடை கதவிடுக்கு வழியாகக் கடைக்குள் வந்தது. கட்டில் கிரீச்சிட்டது. குறட்டை நின்றது. யாரோ கத்த வாயைத் திறந்த மாதிரி ஒரு மூச்சு, அப்புறம் வாயில் எதையோ அடைத்த மாதிரி ஒரு முனகல். குதிகால்கள் தரையை உதைத்தன.  ரூபினெமுக்கு அது இனித்தது. இன்னும் நல்லா, என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். இன்னும் நல்லா அமுக்கு.

குதிகால்கள் நின்றன.

வாசலில் வண்டி மாட்டின் மணி கேட்டது. அவள் எழுந்து ஓடினாள். லீசாவின் அறையைத் திறந்தாள்.

படுக்கை காலி.

நடுக் கதவு திறந்திருந்தது.

உள்ளே, துரை தரையில் மல்லாந்து கிடந்தார். கண்கள் திறந்திருந்தன. வாயில் பஞ்சு. மூக்கில் பஞ்சு. எல்லாம் ஈரம்.

ரூபினெம் அவரைத் தாண்டினாள். கொசுவலையை விலக்கினாள்.

லீசா திண்டைக் கட்டிக்கொண்டு, அதன் மேல் காலைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். கால் கட்டு இறுக்கமாக இருந்தது. இடுப்புக் கட்டு இறுக்கமாக இருந்தது. தலைக் கட்டு மட்டும் அவிழ்ந்திருந்தது. உறையின் அந்த வாய் வழியாக நீண்ட ஈர முடி வழிந்து தலையணையெல்லாம் பரவியிருந்தது.

"லீசா. அம்மாகிட்ட வா."

குழந்தை கண்ணைத் திறக்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் சிரித்தாள்.

"அவுத்துவிடு அவுத்துவிடுன்னு அழுதாங்கம்மா. என்னால ஒண்ணுதான் அவுக்க முடிஞ்சுது."

"வாடி. வண்டி வந்துருச்சு."

"வரல. இவங்களுக்குக் கட்டிக்க யாருமே இல்லியாம்."

ரூபினெம் கையை நீட்டினாள். முடிக்குள்ளிருந்து வெளுத்து ஊறிப்போன ஒரு கை வந்து லீசாவின் முதுகில் படிந்தது. குழந்தையைத் தன்னோடு இன்னும் கொஞ்சம் இழுத்து அணைத்துக்கொண்டது. பிறகு தூங்க வைக்கிற தாய் மாதிரி, அவசரமே இல்லாமல், மெல்ல மெல்லத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தது.